மிதவைக்கு அடியில் ஒரு அட்டைத் துண்டு

மதியம் ஆவதற்குள் கழிவுப் பீப்பாய் விளிம்பு தட்டிவிட்டது. பூச்சுப் பிரிவின் மேற்பார்வையாளருக்கு எரிச்சல் தலைக்கேறியது. ஏறாமல் என்ன செய்யும்?

வண்டிப் புகையைச் சுத்தப்படுத்தும் கன்வெர்ட்டருக்குள் வைக்கிற பீங்கான் கட்டிகளுக்கு அங்கே பூச்சு போடுகிறார்கள். கட்டி முழுக்கத் தேன்கூடு மாதிரி பொடித் துளைகள். தொட்டியில் நிறுத்தினால் பிளாட்டினம் கலந்த குழம்பு அடியிலிருந்து ஏறித் துளைகளை நனைக்கும். கட்டியின் தலையைத் தொட்டதும், குழம்பின் மட்டம் பார்க்கிற மிதவை அதை நிறுத்திவிடும். நிறுத்த வேண்டும். ஆனால் குழம்பு தலைக்கு மேலும் ஏறி வழிந்தது. வழிந்ததைத் துணியால் வழித்துப் பீப்பாயில் போட்டார்கள். பீப்பாயில் விழுந்ததைத் திரும்பத் தொட்டியில் ஊற்ற முடியாது.

"யார் காரணம்னு எழுதிக் குடுங்கம்மா" என்று மேலாளர் கேட்டிருந்தார். காலையிலேயே எழுதிக் கொடுத்துவிட்டாள். குழம்பு கலக்குகிறவன்தான் காரணம். தூளை அளவுக்கு மேல் போடுகிறான். குழம்பு கெட்டியாகித் துளைக்குள் புகாமல் மேலே வழிகிறது. குழம்பு கலக்குகிறவன் வேறு யாருமில்லை, அவளுடைய கொழுந்தன். அவன் தற்காலிக ஆள். நிரந்தரமாக்குவதா, வீட்டுக்கு அனுப்புவதா என்று அன்று நாலு மணிக்கு முடிவு. வீட்டில் மாமியார் தினமும் கேட்கிற ஒரே கேள்வி, "சின்னவனுக்கு வேலை நிலைச்சிடுச்சா?" என்பதுதான். கடிதத்தை நீட்டும்போதும் அந்தக் கேள்விதான் காதில் கேட்டது. ஆனாலும் சொந்தக்காரன் என்று மூடி மறைத்தாள் என ஒரு வாய் பேசிவிடக் கூடாதே!

அவனும் மறுக்கவில்லை. அதுதான் அவளுக்கு இன்னும் ஆத்திரம்.

"ஆமா அண்ணி, ஒரு கைப்பிடி கூடத்தான் போட்டேன்."

"எதுக்குடா போட்டே? அளவுன்னு ஒண்ணு எழுதி ஒட்டியிருக்கே, அது அழகுக்கா?"

"நீங்கதானே முதல் நாள் சொன்னீங்க. குறைஞ்சா திட்டு விழும், கூடினா ஒருத்தரும் கேக்க மாட்டாங்கன்னு."

அவளுக்குச் சுருக்கென்றது. சொன்னவள் அவள்தான். அதை ஒத்துக்கொள்ளத்தான் நாக்கு எழவில்லை. "பேச்சுக்குக் குறைச்சல் இல்ல. என் கண்ணு முன்னால கலக்கு" என்று அதட்டினாள்.

சாப்பாட்டுக்குப் பிறகு அவன் கலக்கினான். அவள் பக்கத்திலேயே நின்று எடை பார்த்தாள். தூள், தண்ணீர், எல்லாம் எழுதி ஒட்டியபடியே. முதல் கட்டி வழிந்தது. ஐந்தாவது வழிந்தது. இருபதாவதும் அதே மாதிரி தலை நனைந்து வந்து நின்றது. அவள் பீப்பாயை ஓர் உதை விட்டாள். கால் விரல் வலித்ததுதான் மிச்சம். கையில் இருந்த துணியும் தொட்டிக்கு அடியில் போய் விழுந்தது.

முனகிக்கொண்டே குனிந்தாள். அப்போதுதான் மிதவையைத் தாங்கும் இரும்புப் பட்டையின் அடி கண்ணில் பட்டது. பட்டைக்குக் கீழே நாலாக மடித்த அட்டைத் துண்டு ஒன்று செருகியிருந்தது. அதனால் மிதவை ஒரு விரல்கடை உயர்ந்து உட்கார்ந்திருந்தது. உருவிப் பிரித்தாள்.

'தற்காலிகம். நாளை எடுத்துவிடவும்.' கீழே அவளுடைய கையெழுத்து. மூன்று வருடத்துக்கு முந்தைய தேதி.

எல்லாம் ஞாபகம் வந்தது. அன்று பத்துக் கட்டிகள் தலையில் பூச்சு ஏறாமல் மொட்டையாக வந்தன. பழைய மேலாளர் எல்லோர் முன்னாலும் நாக்கைப் பிடுங்கிக்கொள்கிற மாதிரி கேட்டார். இனி மொட்டையே வரக் கூடாது என்று அவள்தான் மிதவையைத் தூக்கி வைத்தாள். அந்த 'நாளை' வரவே இல்லை. மூன்று வருடமாகத் தன் கையாலேயே வழியவிட்டு, துணி பிடித்தவர்களையெல்லாம் திட்டியிருக்கிறாள். வெட்கம் பிடுங்கித் தின்றது.

ஒருவரும் பார்க்கவில்லை. பீப்பாய் கைக்கெட்டும் தூரத்தில்தான் இருந்தது. அட்டையை அதில் போட்டால் அதோடு போய்விடும்.

"என்ன அண்ணி, துணி கிடைச்சுதா?"

"கிடைச்சுது. இப்ப ஒரு கட்டி நிறுத்து."

குழம்பு ஏறியது. கட்டியின் தலையைத் தொட்டது. நின்றது. ஒரு சொட்டு வழியவில்லை. அவன் வாயைப் பிளந்துகொண்டு அவளைப் பார்த்தான். கையைக்கூடக் கழுவாமல் அவள் மேலாளரின் அறைக்குப் படியேறினாள். மணி நாலாக ஐந்து நிமிடம் இருந்தது.

மேலாளரின் மேசையில் காலையில் கொடுத்த கடிதம் பிரித்தபடி கிடந்தது. பக்கத்தில் கொழுந்தனின் கோப்பு. அவர் பேனாவைத் திறந்து வைத்திருந்தார்.

"உங்க லெட்டர் தெளிவா இருக்கும்மா. அவனை அனுப்பிடலாம்."

அவள் அட்டையைக் கடிதத்துக்குப் பக்கத்தில் வைத்தாள். விரல்களில் குழம்பு காய்ந்து வெள்ளையாக ஒட்டியிருந்தது.

"யார் காரணம்னு கேட்டீங்களே சார். ரெண்டையும் சேர்த்துப் படிங்க. கையெழுத்து ஒண்ணுதான்."