பழைய படங்களில் பந்தி பரிமாறுகிறவர்

மலேசியாவில் கிள்ளானில் ஜவுளிக்கடை வைத்திருந்து, மௌத்தாகி அடக்கமாகி முப்பது வருடங்களுக்கு மேலாகிவிட்ட ஹஸ்ஸான், போன வருடம் நோன்புப் பெருநாள் முடிந்த மறுவாரம் ஒரு பழைய தமிழ்ப் படத்தின் நீதிமன்றக் காட்சியில் நெய்ச்சோற்றுச் சஹனைத் தூக்கிக்கொண்டு நடந்து போனார். பகல் நேரம். பிரிக்பீல்ட்ஸ் அடுக்குமாடி வீட்டில் அந்தப் படத்தைப் பார்த்துக்கொண்டிருந்தவர் அவருடைய மருமகன் பாவா. கூண்டில் நின்ற கதாநாயகன், தான் கொலை செய்யவில்லை என்று கண்ணீர் விட்டுக்கொண்டிருந்தான். வக்கீல் கறுப்பு அங்கியை உதறி உதறி தர்மத்தைப் பற்றி முழங்கிக்கொண்டிருந்தார். அந்த இரண்டு பேருக்கும் நடுவே, நாலு பேர் சுற்றி உட்கார்ந்து சாப்பிடுகிற பெரிய தட்டைத் தோளில் ஏந்தி, வெள்ளைச் சட்டையும் கட்டம் போட்ட கைலியுமாக ஹஸ்ஸான் வந்தார், நின்றார், பார்க்கிறவர்களை நேருக்கு நேர் பார்த்து ஏதோ கேட்டார், முகம் வாடி, சாட்சிக் கூண்டுக்குப் பின்பக்கமாகப் போய்விட்டார். நீதிபதி ஆட்சேபம் எதுவும் சொல்லவில்லை.

ஹஸ்ஸான் அந்தப் படத்துக்குள் எப்படிப் போனார் என்பதில் ஊரில் யாருக்கும் பெரிய சந்தேகம் இல்லை. போக வைத்தவரே பாவாதான். அந்தக் காலத்தில் கிள்ளான் பக்கம் நம் ஆட்களின் கல்யாணம் முழுவதையும் ஒரே வீடியோக்காரர்தான் பிடித்துக்கொடுப்பார். எல்லாக் கேசட்டுக்கும் ஒரே பெட்டி, மேலே ஒரே ரோஜாப்பூ. சொந்தக்காரர் எல்லாருக்கும் ஆளுக்கொரு காப்பி போகும் என்பதால், எந்த வீட்டு அலமாரியைத் திறந்தாலும் ஏழெட்டு ரோஜாப்பூ வரிசையாக நிற்கும். பாவா சாப்பாட்டுக்கடை நடத்துகிறவர், அதைவிடப் பெரிய சினிமாப் பைத்தியம். கல்யாணமாகி இரண்டு வருடம் கழித்து ஒரு தீபாவளிக்கு, அவர் நெடுநாளாகக் காத்திருந்த இதே நீதிமன்றப் படத்தை டிவியில் போட்டார்கள். பதிவு பண்ணக் காலிக் கேசட் கையில் இல்லை. தீபாவளியன்று பிரிக்பீல்ட்ஸில் எந்தக் கடை திறந்திருக்கும்? அலமாரியில் கைவிட்டு, சின்னம்மா மகன் கல்யாணம் என்று நினைத்து ஒரு ரோஜாப்பூவை எடுத்தார். அந்தக் கல்யாணத்தைத் திரும்பப் பார்க்க அந்தத் தம்பதிக்கே ஆசையில்லை என்பது அவருடைய நியாயம். மேலே எதுவும் பதிவாகக் கூடாதென்று வீடியோக்காரர் கேசட்டின் முனையில் ஒடித்து விட்டிருந்த ஓட்டையில், மனுஷன் வெகு கவனமாக செலோடேப் ஒட்டினார். படம் சவர்க்கார விளம்பரத்தோடு சேர்ந்து அருமையாகப் பதிவாயிற்று. அழிந்துபோனது அவருடைய சொந்தக் கல்யாணம்.

பாவாவின் மனைவி ரசியாவுக்குக் கல்யாணக் காட்சி போனதில் அவ்வளவு துக்கம் இல்லை. அதில் அவளுடைய வாப்பா இருந்தார். கல்யாணம் முடிந்த அதே வருடம் மாரடைப்பில் போய்விட்டவர். அந்தத் துக்கத்தில் அவர்கள் கல்யாணக் கேசட்டை மட்டும் சொந்தக்காரர்களுக்குக் காப்பி எடுத்துக் கொடுக்க யாருக்கும் தோன்றவில்லை. உயிரோடு நடமாடுகிற ஹஸ்ஸானை உலகத்தில் அந்த ஒரு கேசட்டில் மட்டும்தான் பார்க்க முடியும். சஹனோடு வருவார், கேமராவைப் பார்த்து ஏதோ கேட்பார், கிடைத்த பதிலில் முகம் வாடிப் போவார். வீடியோக்காரரோ பேச்சுச் சத்தத்தையெல்லாம் எடுத்துவிட்டு, தொடக்கத்திலிருந்து முடிவு வரைக்கும் பாட்டைப் போட்டு நிரப்பியிருந்தார். வாப்பா என்ன கேட்டார்? பெண்கள் பக்கம் உட்கார்ந்திருந்த ரசியாவுக்குத் தெரியாது. ஆண்கள் பந்தியில் இருந்தவர்களுக்கு நெய்ச்சோறு மட்டும் நினைவிருந்தது. உதட்டசைவைப் பார்த்துப் பார்த்து ஒருநாள் கண்டுபிடித்துவிடலாம் என்று அவள் நம்பியிருந்தபோதுதான் பாவா செலோடேப் ஒட்டினார். மூலக் கேசட்டாவது இருக்குமா என்று வீடியோக்காரரிடம் ஓடினார்கள். அவர் அதன்மேல் காப்பார் பக்கத்துக் காதணி விழா ஒன்றைப் பிடித்து முடித்திருந்தார்.

ரசியா சண்டை போடவில்லை. போட்டிருந்தால் பாவா பிழைத்திருப்பார். அன்றோடு அவள் திரையைப் பார்ப்பதை நிறுத்திவிட்டாள், அவ்வளவுதான். பிள்ளைகள் பிறந்தார்கள், கடை வளர்ந்தது, இருவரும் ஹஜ்ஜுக்குப் போய்வந்தார்கள், குடும்பம் குறையில்லாமல்தான் நடந்தது. ஆனால் டிவி ஓடும்போது அவள் அடுக்களையில் முதுகைக் காட்டிக்கொண்டு நிற்பாள். வீடியோ போய் சிடி வந்தது, சிடி போய் ஆஸ்ட்ரோ டிஷ் வந்தது, ஸ்ரீ கெம்பாங்கானில் வாழ்க்கைப்பட்டுப் போன மகள் அஃப்ரின் வந்து பெரிய டிவியில் ஆப் போட்டுக்கொடுத்தாள். முன்னே ஒரு படத்துக்காக ஊரெல்லாம் அலைந்த பாவா, இப்போது உட்கார்ந்த இடத்தில் விரலை அசைத்து எல்லாப் பழைய படத்தையும் பார்த்தார். ரசியா அத்தனை படத்தையும் காதால் கேட்டாள். வசனமெல்லாம் அவளுக்குத் தலைகீழ்ப் பாடம். யார் முகமும் தெரியாது.

அதனால்தான், வாப்பா படத்தில் வருகிறார் என்று பாவா அடுக்களை வாசலில் வந்து நின்று சொன்னபோது, அவள் வெங்காயம் நறுக்குவதை நிறுத்தவில்லை.

“அழிச்சது ஒங்க சினிமா. இப்ப அத வச்சே என்னய கூப்பிடுறீங்களா?” என்றாள்.

பாவா சத்தியம் பண்ணினார். கைபேசியில் போட்டோ எடுத்துக் காட்டினார். போட்டோவில் வக்கீலும் கூண்டும்தான் இருந்தன. மேல்மாடி சிவசம்பு, ரயில்வேயில் தலைமைக் குமாஸ்தாவாக இருந்து ஓய்வு பெற்றவர், கீழே வந்து பார்த்துவிட்டு, மூக்குக் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு இரண்டாம் முறையும் பார்த்தார். ரயில்வே குவார்ட்டர்ஸ் சுவரில் புது வர்ணத்தை மீறிப் பழைய வர்ணம் தெரிய ஆரம்பிக்கும், அதற்கென்று ஒரு காலம் உண்டு, இதுவும் அப்படித்தான் என்று தீர்ப்புச் சொன்னார். பிறகு ஆப் வைத்திருக்கிற எல்லார் வீட்டிலும் ஹஸ்ஸான் வருகிறார் என்று தெரிந்தது. கேரித் தீவில் தோட்டத்து ஆட்கள் பார்த்தார்கள். அஃப்ரினின் வேலையிடத்தில், கறுப்பு வெள்ளைப் படம் என்றாலே ஓடுகிற பிள்ளைகள்கூட, அந்த அங்கிள் வருகிற இடம் வரைக்கும் என்று உட்கார்ந்து, கடைசியில் கதாநாயகனுக்கு விடுதலை கிடைக்கிறதா என்று பார்க்காமல் எழுந்திருக்கவில்லை. சாலாக் செலாத்தானிலிருந்து பாவாவின் தங்கைகள் வேன் பிடித்து வந்தார்கள். ஹஸ்ஸானுக்குப் பின்னால், ஜூரிகளின் பெஞ்சில், அன்று ஆண்கள் பந்தியை எட்டிப் பார்க்க வந்த ஜரிகைச் சேலையில் தாங்களே ஒல்லியாக உட்கார்ந்திருப்பதைப் பார்த்து அழுதும் சிரித்தும் தீர்த்தார்கள். ரசியா எல்லாருக்கும் தேத்தண்ணி போட்டுக் கொடுத்தாள். கொடுக்கும்போதும் திரைக்கு முதுகைத்தான் காட்டினாள்.

அவளுக்கு நம்பிக்கையில்லை என்று எல்லாரும் நினைத்தார்கள். அஃப்ரின் மட்டும் விடாமல் கேட்டாள், ஏன் இந்தப் பிடிவாதம் என்று.

“பாத்ததுக்கப்புறம் மறுபடியும் இல்லாம போயிட்டா? ஒரு தடவ தாங்கிட்டேன்மா. இந்த வயசுல இன்னொரு தடவ முடியாது லா” என்றாள் ரசியா.

ஆனால் ஹஸ்ஸான் மறுபடியும் இல்லாமல் போகிற காலமும் வந்தது. படத்தில் சம்பந்தமில்லாத ஆட்கள் திரிகிறார்கள் என்று சந்தாதாரர்கள் சிலர் எழுதிப்போட, பிரதி பழசு, அதுதான் கோளாறு என்று ஆப்காரர்கள் முடிவு பண்ணினார்கள். வெள்ளிக்கிழமை முதல் கழுவித் துடைத்த புதுப் பிரதி வருகிறதென்று திரையிலேயே அறிவிப்பு ஓடியது. பாவா அதை ரசியாவிடம் மறைத்துவிட்டார். அவள் அடுக்களையில் இருந்தபடி, சிவசம்பு அதை வாய்விட்டுப் படித்ததைக் கேட்டாள். வியாழக்கிழமை மாலை அஸர் தொழுகை முடித்து, முக்காட்டைச் சரிசெய்து, யாரும் கூப்பிடாமல் வந்து சோபாவில் உட்கார்ந்தாள். போடுங்க என்றாள். பாவா அவசரத்தில் தப்பான பொத்தானை அழுத்தியதில் முதலில் சமையல் நிகழ்ச்சி ஓடியது.

ஹஸ்ஸான் வந்தார். ரசியா வாயைப் பொத்திக்கொண்டாள். அதே நடை, வலது தோளைக் கொஞ்சம் தாழ்த்தி. இப்போது அவள் அவரைவிடப் பெரியவள். அது அவளுக்கு என்னவோ செய்தது. அவர் நின்றார், பார்த்தார், வாய் திறந்து கேட்டார். இந்த முறை பாட்டு இல்லை, உண்மையாகவே குரல் வந்தது. ஆனால் அந்த நேரம் பார்த்துத்தான் வக்கீல் தர்மத்தின் உச்சிக்குப் போய்க் கத்திக்கொண்டிருந்தார். ஒரு சொல்லும் விளங்கவில்லை. திரும்பத் திரும்ப ஓட்டினார்கள். சத்தத்தைக் கூட்டினால் வக்கீலும் கூடினார்.

“அந்த ஆள யாராச்சும் வாய மூடச் சொல்லுங்களேன்” என்று ரசியா திரையைப் பார்த்து அழுதாள். வருடக்கணக்காக அந்த வசனத்தை வரிவிடாமல் கேட்டுவந்தவள், அன்று அந்த வக்கீலை வெறுத்த அளவுக்கு வில்லன்கூட வெறுத்திருக்க மாட்டான்.

மறுநாள் புதுப் பிரதி வந்தது. கண்ணாடி போலச் சுத்தமாக இருந்தது. நீதிமன்றத்தில் நீதிமன்றத்துக்கு வேண்டியவர்கள் மட்டுமே இருந்தார்கள். பாவா ரிமோட்டை மடியில் வைத்துக்கொண்டு, ரெண்டாவது தடவையும் ஒன் வாப்பாவ நான்தான் தொலச்சேன், என்று தேம்பினார். கூப்பிட்டிருக்காவிட்டால் அவளுக்கு இந்தத் துக்கமில்லை என்றார். வாப்பா சஹனில் இன்னும் இரண்டு பங்குச் சோற்றோடுதான் போனார் என்பதை ரசியா பார்த்திருந்தாள். பந்தி முடியாமல் வாப்பா எந்தக் கல்யாண வீட்டையும் விட்டுக் கிளம்பியதில்லை.

“ஒரு எடத்துல விரட்டுனா இன்னொரு எடத்துல போய்ப் பரிமாறுவாக. அழுவாதீங்க. அடுத்த படத்தப் போடுங்க” என்றாள்.

அப்படித்தான் ரசியா படம் பார்க்கத் தொடங்கினாள். இத்தனை காலம் குரலாக மட்டும் இருந்தவர்களுக்கெல்லாம் முகம் கிடைத்தது. கேலிக் குரலுக்கு இவ்வளவு சோகமான முகமா என்று ஆச்சரியப்பட்டாள், அம்மா வேடக்காரியின் சேலைக் கரைக்காக ஒரு படத்தை இரண்டு தடவை பார்த்தாள், சிரிக்கக் கூடாத இடத்திலும் சிரித்தாள். ஹஸ்ஸான் அங்கங்கே தட்டுப்பட்டார். ஒரு புராணப் படத்தில் இந்திர சபையின் ஓரமாகப் போனார். இன்னொன்றில் வாள்சண்டைக்கு நடுவே தால்ச்சாக் குழம்பு வாளியை அடிபடாமல் கொண்டுபோனார். ஒவ்வொரு முறையும் நின்று அதையே கேட்டார். ஒவ்வொரு முறையும் பாட்டோ அழுகையோ இடியோ குறுக்கே வந்தது. நம் பழைய படங்களில் அமைதியான இடத்தைத் தேடுவது பாசாரில் மீன்கடைப் பக்கம் போய் அமைதியைத் தேடுகிற மாதிரி. அங்கேதான் பாவாவின் பைத்தியம் உதவியது. எந்தப் படத்தில் எந்த இடத்தில் யாரும் பேச மாட்டார்கள், எங்கே இசையமைப்பாளர் கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருப்பார் என்று அவர் மண்டையைக் குடைந்து குடைந்து யோசித்தார். கடையைப் பெரிய மகனிடம் விட்டுவிட்டு, மனைவிக்காக மௌனத்தைத் தேடினார். அவரை இப்படி ஒரு காரியத்தில் ரசியா கல்யாணமான புதிதில்கூடப் பார்த்ததில்லை. ஒருநாள் தேத்தண்ணிக் கோப்பையை அவர் கையில் கொடுக்கும்போது, செலோடேப் விஷயத்தில் தனக்குக் கோபம் தீர்ந்து ரொம்ப நாளாகிவிட்டது, சொல்லத்தான் விட்டுப்போச்சு, என்றாள். பாவா அந்தத் தேத்தண்ணியைக் குடிக்காமல் வெகுநேரம் கையிலேயே வைத்திருந்தார்.

ஹஜ்ஜுப் பெருநாளுக்குப் பிறகு, மழை பெய்து ஓய்ந்த ஒரு ஞாயிறு மதியம், ஓடாத படமென்று எல்லாரும் மறந்துபோன ஒன்றை பாவா போட்டார். அதில் கதாநாயகன் ஒரு சின்ன ரயில் நிலையத்தில் தனியாகக் காத்திருப்பான். வண்டி வராது. பாட்டு இல்லை, வசனம் இல்லை, எங்கோ ஒரு காக்கை மட்டும். படம் ஓடாமல் போனதற்கே அந்தக் காட்சிதான் காரணம் என்பார்கள். பிளாட்பாரத்தின் கோடியிலிருந்து சஹனைத் தாங்கிக்கொண்டு ஹஸ்ஸான் நடந்து வந்தார். கதாநாயகன் காலை மடக்கி வழிவிட்டான். ஹஸ்ஸான் நின்றார்.

“மணப்பொண்ணு சாப்புட்டுச்சா? காலையிலேருந்து பச்சத் தண்ணி குடிக்கல என் புள்ள. யாராச்சும் பாத்தீங்களா?”

கல்யாணத்தன்று ரசியா சாப்பிடவில்லை. வருகிறவர்கள், வாழ்த்துகிறவர்கள், நகையைத் தொட்டுப் பார்க்கிறவர்கள் என்று கூட்டம் மொய்த்ததில், மணப்பெண்ணுக்குப் பசிக்கும் என்று ஒருத்தருக்கும் தோன்றவில்லை. அந்தப் பசி அவளுக்கு நன்றாக நினைவிருந்தது. அதை ஒருவர் பந்திக்குப் பந்தி கேட்டுக்கொண்டு அலைந்தார் என்பது இன்றைக்குத்தான் தெரிந்தது. பாவா படத்தை நிறுத்தப் போனார். அவள் அவர் கையைப் பிடித்துக்கொண்டாள்.

“சாப்பிட்டேன் வாப்பா” என்றாள். “வயிறு நெறய சாப்பிட்டேன்.”

ஹஸ்ஸான் முகம் வாடவில்லை. தலையை ஆட்டிக்கொண்டார், சஹனைத் தோளுக்கு ஏற்றினார், அடுத்த பந்தியைக் கவனிக்கப் போனார்.