ஒழிக்கணம், ஒழிவாக்கணம்

எனக்கு மலையாளம் நன்றாகத் தெரியும் என்று நினைத்திருந்தேன். அந்தத் திமிர்தான் என்னைக் கெடுத்தது.

மட்டாஞ்சேரியில் எங்கள் சந்தில் பதினாறு தமிழ்க் குடும்பங்கள். சலவையும் இஸ்திரியும்தான் எல்லாருக்கும் பிழைப்பு. ஆஸ்பத்திரியில் டாக்டரிடம் பேச வேண்டுமா, ரேஷன் கடையில் சண்டை போட வேண்டுமா, கற்பகத்தைக் கூப்பிடு என்பார்கள். நானும் ஈரக் கையைப் புடவையில் துடைத்துக்கொண்டு ராணி மாதிரிக் கிளம்பிவிடுவேன்.

சந்து முனையில் எங்கள் மாரியம்மன் கோயில். அம்மனுக்கு இருப்பது ஒரே ஒரு நகை, கையால் செய்த சிவப்புக்கல் அட்டிகை. பங்குனித் திருவிழாவுக்கு இரண்டு நாள் முன்னால் அதை ஒரு வீட்டில் கொடுத்துச் சுத்தம் செய்து வாங்குவது வழக்கம். யார் வீடு என்பதைக் கோயில் தலைவர் வெங்கிடாசலம்தான் சொல்வார். இந்த வருஷம், "கை சுத்தமான வீடு" என்று என் பெயரைச் சொன்னார். எத்தனை பேர் பார்த்துக்கொண்டிருந்தார்கள்! எனக்குக் கால் தரையில் பாவவில்லை.

இதற்கு முன்னால் வாங்கிப்போனவர்கள் ஒப்புக்குத் துடைத்துக் கொடுத்திருந்தார்கள். இடுக்கெல்லாம் சந்தனமும் எண்ணெயும் சேர்ந்து களிம்பாக இறுகிக் கிடந்தது. அழுக்கைப் பார்த்தால் எனக்குக் கை சும்மா இருக்காது. ஆனாலும் அம்மன் நகை ஆயிற்றே என்று, அட்டிகையைப் படம் பிடித்துக் கடைத்தெருவில் நகை வேலை செய்யும் ராசப்பனுக்கு அனுப்பி, எப்படிக் கழுவுவது என்று கேட்டேன். அவர் மலையாளத்தில் பேசி அனுப்பினார். வாசலில் பஸ் ஹார்ன் அடித்துக்கொண்டிருந்தது. இஸ்திரி போட்டுக்கொண்டே கேட்டேன். சூடுவெள்ளம் ஒழிக்கணம், துணியால் துடைத்தால் போதும் என்று காதில் விழுந்தது.

தமிழில் ஒழிப்பது என்றால் இல்லாமல் ஆக்குவது. மலையாளத்தில் ஊற்றுவது. இங்கே கல்யாணப் பந்தியில் சாம்பார் வாளியோடு வந்து "ஒழிக்கட்டே?" என்று கேட்டால், ஊரிலிருந்து புதிதாக வந்தவர்கள் திருதிருவென்று விழிப்பார்கள். நான்தான் சிரித்துக்கொண்டு விளக்கம் சொல்வேன். நேற்று ரயிலில் வந்து இறங்கிய ஒருத்தி அந்தப் பேச்சைக் கேட்டிருந்தால்கூட, வெந்நீரை ஒழி, வெந்நீரே வேண்டாம் என்று சரியாகப் புரிந்துகொண்டிருப்பாள்.

பூந்திக்கொட்டை ஊறிய தண்ணீரில் அட்டிகையை வைத்து, கொதிக்கக் கொதிக்க வெந்நீர் ஊற்றினேன். களிம்பு கழன்று வந்தது. தங்கம் பளிச்சென்று ஆனது. நான் ஒரு முட்டாள், அதைப் பார்த்துப் பூரித்துப் போனேன். பிறகுதான் கற்களைக் கவனித்தேன். சிவப்பு மங்கிப் பால் விடாத கட்டஞ்சாயா நிறத்துக்கு வந்திருந்தது. பார்த்துக்கொண்டிருக்கும்போதே கறுத்தது. கையில் எடுத்தால் உள்ளேயிருந்த அரக்கு இளகி விரலில் ஒட்டியது. இரண்டு கற்கள் பாத்திரத்தில் விழுந்தன.

ஊதினேன். துண்டில் பரப்பி வெயிலில் வைத்தேன். அரிசிக்குள் புதைத்து வைத்து எடுத்துப் பார்த்தேன். "தாயே, தாயே" என்று வாய் தானாகப் புலம்பியது. ஒரு கல்லாவது சிவக்க வேண்டுமே! இருபத்தொன்றும் செத்துப்போய்க் கிடந்தன. அப்படியே பொட்டலமாகக் கட்டிக்கொண்டு ராசப்பனிடம் ஓடினேன்.

அவர் பார்த்ததும் தலையில் கை வைத்தார். "சேச்சி, ஞான் எந்தா பறஞ்ஞது?" நான் சொன்னது என்ன என்று கேட்டுவிட்டு, தான் பேசி அனுப்பியதைப் போனில் திரும்பப் போட்டார்.

"அடியில் அரக்காணு, சேச்சி. சூடுவெள்ளம் ஒழிவாக்கணம். நனஞ்ஞ துணி கொண்டு மெல்லெ துடச்சா மதி."

ஒழிவாக்கணம். தவிர்க்க வேண்டும். நடுவில் இருந்த அந்த 'வா' இப்போது மட்டும் மணி அடித்த மாதிரிக் கேட்டது.

கல்லுக்கு நிறமே கிடையாது என்றார் ராசப்பன். அடியில் வைத்த மெல்லிய சிவப்புத் தகடுதான் அவ்வளவு நாளும் மின்னியிருக்கிறது. தண்ணீர் உள்ளே போனதும் தகடு கெட்டுவிட்டது. புதுத் தகடு வைத்துக் கட்டப் பத்து நாள் வேண்டும். திருவிழாவோ நாளை மறுநாள்.

"ஞான் வந்நு பறயாம்" என்று அவரும் கூடவே வந்தார். நல்ல மனுஷன். வராமலே இருந்திருக்கலாம்.

கோயிலில் நான் எதையும் மறைக்கவில்லை. நடந்ததை நடந்தபடி சொல்லி, போனில் இருந்ததையும் எல்லாரும் கேட்கப் போட்டுக் காட்டினேன். ராசப்பன் தகடு விஷயத்தை விளக்கினார். வெங்கிடாசலம் கழன்று விழுந்திருந்த கல் ஒன்றை வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தார்.

"இது வெறும் கண்ணாடி மாதிரில்லா இருக்கு. செவப்புக் கல்லு எங்க?"

"அண்ணே, அந்தக் கல்லுதான் இது. சத்தியமாச் சொல்றேன்."

"எங்க யாருக்கும் சொல்லாம நகையத் தூக்கிட்டுத் தனியா நகை வேலைக்காரர்ட்ட போனது எதுக்கு?"

என்னிடம் பதில் இருந்தது. பயத்தில் ஓடினேன் என்பதுதான் பதில். சொன்னேன். யாரும் கேட்டதாகத் தெரியவில்லை.

அங்கம்மாள் அக்கா முன்னால் வந்தாள். போன மாசம்தான் நான் அவளோடு மூன்று நாள் ஆஸ்பத்திரியில் கிடந்தேன். எனக்காகப் பேசப்போகிறாள் என்று நினைத்தேன்.

"டாக்டர் சொன்னத வார்த்தைக்கு வார்த்தை எனக்குச் சொன்னவ நீ. ஒழிவாக்கணம்னா என்னன்னு எம் பேரனுக்கே தெரியும். ஒனக்குத் தெரியாதா கற்பகம்?"

தெரியும் அக்கா. அதுதான் என் தலையெழுத்து. மலையாளம் தெரியாதவளாக இருந்திருந்தால், பாவம், புரியவில்லை என்று விட்டிருப்பார்கள்.

என் வீட்டுக்காரர் முத்துவேல் கூட்டத்தின் ஓரத்தில் நின்றிருந்தார். வேதனையில் வாயடைத்துப் போயிருக்கிறார் என்று நினைத்து, அவருக்காகவும் சேர்த்து அழுதேன். வீட்டுக்கு வந்ததும் அவர் கதவைச் சாத்தினார். எனக்குத் தண்ணீர் மொண்டு கொடுத்தார். பக்கத்தில் உட்கார்ந்து முதுகைத் தடவினார். பிறகு, பக்கத்து வீட்டுக்குக் கேட்காதபடி மெதுவாகக் கேட்டார்.

"எங்கிட்ட மட்டும் சொல்லு கற்பகம். பழைய கல்ல எங்க வச்சிருக்க?"

இருபது வருஷம் கூட வாழ்ந்தவர் தமிழில்தான் கேட்டார். இதை நான் எப்படித் தப்பாகப் புரிந்துகொள்வது?