வில்பிரட்டோடு சேர்த்து இருபத்திரண்டு லட்சம்

பொன்மலைப் பக்கத்தில் பழைய எலெக்ட்ரிக் கிதாருக்கு விலை போடும்போது, அதை முதன்முதலில் வாங்கிய ஆளையும் சேர்த்துத்தான் விலை போடுவார்கள். மதிப்பீட்டுப் படிவத்தில் மொத்தம் பதினான்கு வரிகள். உடல், கழுத்து, பெயிண்ட், பிக்கப், திருகாணி, பெட்டி என்று வரிசையாகப் போய், பதின்மூன்றாவது வரியில் ஆள் வருவார். பதினான்காவது வரியில் தோள்வார். ஆள் செத்துப்போயிருந்தால் முப்பது சதவீதம் கழிப்பார்கள். வார் தொலைந்திருந்தால் இரண்டு சதவீதம்.

கிதாருக்கு என்ன நியாயமோ அதுதான் ஆளுக்கும். தேய்ந்திருக்கலாம், மாற்றியிருக்கக் கூடாது. வழுக்கை தேய்மானத்தில் சேரும், அதில் ஒன்றும் குறையில்லை. பல் விழுந்திருந்தாலும் சரிதான். விழுந்த இடத்தில் பல்செட்டை மாட்டிக்கொண்டு வந்து நின்றால்தான் வம்பு, அது மாற்றிய பாகம். மூட்டு மாற்று ஆபரேஷன் செய்துகொண்டவர்கள், மதிப்பீட்டாளர் தெருவுக்குள் வரும் நாளில் முகத்தைத் தொங்கப்போட்டுக்கொண்டு உட்கார்ந்திருப்பார்கள். பாவம், வலி தாங்காமல் செய்துகொண்டது, அவர்களைச் சொல்லி என்ன பிரயோசனம்?

ஜெசிந்தாவின் வீட்டுக்காரர் வில்பிரட்டிடம் ஒரு கிதார் இருந்தது. எழுபத்திநாலில் மெட்ராஸ் துறைமுகத்தில் ஒரு கப்பல் சமையல்காரரிடம், ஒட்டின டேப் பிரியாத அட்டைப்பெட்டியோடு வாங்கியது. நடுவில் தேன் நிறமும் ஓரத்தில் கறுப்புமாக இருக்கும். வில்பிரட் முப்பத்தெட்டு வருசம் ரயில்வே ஒர்க்‌ஷாப்பில் பிட்டர். சனி, ஞாயிறுகளில் மெல்லிசைக் குழுவில் கிதார். மேடையில் ஜெனரேட்டர் பக்கம் ஒரு மூலை இருக்கும் இல்லையா, அங்கே நிற்பார். நோட்டீஸில் பாடகர் பெயர் வரும், கீபோர்டுக்காரர் பெயர் வரும், தபேலாக்காரர் பெயர்கூட வரும். வில்பிரட் எப்போதும் ‘மற்றும் குழுவினர்’ என்பதற்குள் இருப்பார்.

அவருக்கு எழுபத்திமூன்று வயதான வருசம், மதிப்பீட்டாளர் கோமதிநாயகம் டார்ச்சும் மல்டிமீட்டருமாக வீட்டுக்கு வந்தார். சிடுசிடுப்பு இல்லாத மனுஷர். கிதாரின் பின்பக்கத்தைக் கழற்றி உள்ளே டார்ச் அடித்து, ஈயப் பற்று ஒன்றுகூடக் கலையவில்லை என்று எழுதிக்கொண்டார். பெட்டியைத் திறந்து மோந்து பார்த்தார். அப்புறம் வில்பிரட்டை ஜன்னலோரம் நிறுத்தி வாயைத் திறக்கச் சொன்னார்.

“இருபத்தாறு. எல்லாம் சொந்தப் பல்லுதானே?”

“சொந்தம்தான் சார்.”

முழங்காலைத் தட்டிப் பார்த்தார். இடது கண்ணை விரித்துப் பார்த்தவர், டார்ச்சை இன்னும் பக்கத்தில் கொண்டுபோனார்.

“புரை விழுந்து எத்தனை நாளாச்சு?”

“ரெண்டு வருசம் இருக்கும் சார்.”

“தொட்டுறாதீங்க. பழைய கிதார்ல அடிச்ச லாக்கர் மஞ்சளாகுமே, அந்தப் பதத்துல வந்திருக்கு.”

ஜெசிந்தா காபி கொண்டுவந்து வைத்தாள். கோமதிநாயகம் அவளையும் படிவத்தையும் மாறி மாறிப் பார்த்தார். “கல்யாணம் எந்த வருசம்மா?”

“எழுபத்தாறு ஜனவரி.”

“கிதார் எழுபத்திநாலு. அப்ப நீங்க பிற்சேர்க்கைம்மா. உங்களையும் சேர்த்துக் கொடுத்தா நாலு லட்சம் இறங்கும். தனியா எடுத்துட்டா இருபத்திரண்டு நிக்கும்.” காபி நன்றாக இருப்பதாகவும் சொன்னார்.

அண்ணன் கல்யாணம் முடியட்டும், அண்ணன் கல்யாணம் முடியட்டும் என்று அவளுடைய அப்பா இழுத்தடித்தது சரியாக இரண்டு வருசம். அந்தச் சனியன் பிடித்த அண்ணன் சீக்கிரம் ஒருத்தியைக் கட்டித் தொலைத்திருந்தால், இன்றைக்கு அவளும் பதின்மூன்றாவது வரியில் புருஷன் பக்கத்தில் இருந்திருப்பாள். அண்ணன் செத்துப் பத்து வருசம் ஆகிறது. இருந்தும் அன்று முழுக்க அவனைத் திட்டிக்கொண்டேதான் பாத்திரம் கழுவினாள்.

பொன்மலையில் இன்னொரு வழக்கமும் உண்டு. கிதாரின் விலை இருபது லட்சத்தைத் தாண்டிவிட்டால் அதை வீட்டில் வைத்துக்கொள்ள மாட்டார்கள். நல்ல இடத்திலிருந்து கேட்டு வந்தபிறகும் பெண்ணைக் கொடுக்காமல் வைத்திருந்தால் நாலு பேர் என்ன பேசுவார்கள்? அந்தக் கதைதான். விலை தெரிந்த மூன்றாம் நாளே கோயம்புத்தூரிலிருந்து நாச்சிமுத்து என்பவர் போன் செய்துவிட்டார். பம்புசெட் கம்பெனி வைத்திருக்கிறார். வீட்டில் ஒரு கண்ணாடி அறை கட்டி, அதில் இருபத்தியொரு கிதார்களையும் ஒன்பது ஆட்களையும் வைத்திருக்கிறார்.

“நம்ம ரூம்ல ஒரு குறையும் இருக்காதுங்கம்மா,” என்றார் ஜெசிந்தாவிடம். “சூடு ஏறாது, ஈரம் சேராது. மூணு வேளையும் சாப்பாடுங்க. வாரத்துக்கு ஒருக்கா அரை மணி நேரம் அண்ணன் கிதாரை எடுத்து வாசிச்சுக்கலாம். வெயில் மட்டும் படக்கூடாதுங்க.”

“நான் வந்து பாக்கலாமா தம்பி?”

“மாசத்துல முதல் சனிக்கிழமை வாங்க. கண்ணாடிக்கு இந்தப் பக்கம் நின்னு எத்தனை நேரம் வேணும்னாலும் பாக்கலாமுங்க.” உண்மையிலேயே நல்ல மனசோடுதான் சொன்னார்.

பக்கத்து வீட்டு மார்கரெட்டுக்குத் தலைகால் புரியவில்லை. “இருபத்திரண்டு லட்சம்டி! எங்க வீட்டுக்காரர் போனப்ப அவர் சைக்கிளைக்கூட யாரும் கேக்கல. அண்ணன் கோயம்புத்தூர்லதானே இருக்கப்போறாரு, துபாய்க்கா போறாரு?”

ஜெசிந்தாவுக்குப் பணம் வேண்டாம், ஆள்தான் வேண்டும். இதை வில்பிரட்டிடம் ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். ஆனால் எப்படிச் சொல்வது? மனுஷர் படிவத்தை ஜெராக்ஸ் எடுத்துச் சட்டைப்பையில் வைத்திருந்தார். ஒரு நாளைக்கு நாலைந்து முறை ஜன்னலோரம் போய், நல்ல கண்ணுக்கு நேராகப் பிடித்து, பதின்மூன்றாவது வரியைப் படிப்பார். அதில் ‘ஆ. வில்பிரட், முதல் கை, மாற்றமில்லை’ என்று முழுசாக எழுதியிருந்தது. படித்துவிட்டு மடிக்கும்போது அந்த முகத்தைப் பார்க்க வேண்டுமே! கல்யாணத்தன்றுகூட இப்படி ஒரு முகத்தை அவள் பார்த்ததில்லை. அவரிடம் போய் எப்படிப் போகாதீர்கள் என்பது?

தெருவில் அவருக்கு மரியாதை கூடியது. காய்கறி வாங்கப் போனால் வெயில் படாமல் இந்தப் பக்கமாக வாருங்கள் என்றார்கள். லூர்துசாமி மட்டும் தூரத்தில் நின்று பார்த்தார். லூர்துசாமியின் கிதாரும் ஒருகாலத்தில் பதினாலு லட்சத்துக்குப் போக வேண்டியது. மதிப்பீட்டாளர் வருவதற்கு முந்தின நாள், பளிச்சென்று இருக்கட்டும் என்று, ஜன்னலுக்கு அடித்ததுபோக மிச்சமிருந்த பச்சை பெயிண்டை அதன்மேல் அடித்துவிட்டார். விலை பாதியாக இறங்கிவிட்டது. “அறிவிருக்காய்யா உனக்கு? பழைய கிதார்மேல எவனாவது பெயிண்ட் அடிப்பானா?” என்று நடுத்தெருவில் அவரைப் பிடித்து வாங்கு வாங்கென்று வாங்கியது வேறு யாருமில்லை, நம் வில்பிரட்தான்.

ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து பத்து மணிக்குக் கோயம்புத்தூர்க்காரர்கள் வருவதாக ஏற்பாடு. விலையை மறுபடி ஒருமுறை சரிபார்த்து, கையெழுத்து வாங்கிக்கொண்டு, கிதாரையும் வில்பிரட்டையும் அன்றைக்கே வண்டியில் ஏற்றிப்போவதாகப் பேச்சு. ஜெசிந்தா விடிந்ததும் எழுந்து கேசரிக்கு ரவை வறுத்தாள். வில்பிரட் பின்வாசலில் நின்று கண்ணாடியில் தலையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

“ஜெசி, வெளியூர் ஆளுங்க வர்றாங்க. இப்படிப் பஞ்சு மாதிரி தலையோட நின்னா நல்லாவா இருக்கும்? ஒரு டை பாக்கெட் வாங்கிட்டு வந்து அடிச்சுவிடேன்.”

அவர் தலைக்கு டை அடித்ததே கிடையாது. அவள் கடைக்குப் போய் வாங்கி வந்தாள். பழைய கிண்ணத்தில் பொடியைக் கொட்டித் தண்ணீர் விட்டுக் குழைத்தாள். குழைத்துக்கொண்டே இருந்தவளுக்குக் கை நின்றுவிட்டது. ஆளுக்கும் கிதாருக்கும் ஒரே நியாயம். அப்படியானால் இந்தக் கிண்ணத்தில் இருப்பது பெயிண்ட்.

சொல்லிவிடலாம். ‘என்னங்க, வேண்டாம், விலை போயிரும்’ என்று நாலே வார்த்தை. சொன்னால் பதினொரு மணிக்கு அவர் வண்டியில் ஏறிவிடுவார். சொல்லாவிட்டால் அந்த முகம் போய்விடும். அடுப்பில் ரவை தீய்கிற வாசனை வரும்வரை அவள் கிண்ணத்தையே பார்த்துக்கொண்டு நின்றாள். பிறகு அடுப்பை அணைத்தாள், ஸ்டூலைக் கொண்டுவந்து போட்டாள், அவர் தோளில் பழைய துண்டைச் சுற்றினாள்.

வில்பிரட் ஆடாமல் அசையாமல் உட்கார்ந்திருந்தார். அவள் உச்சியிலிருந்து பிடரி வரைக்கும் அடித்தாள். காய்ந்ததும் மேலே இன்னொரு தடவை அடித்தாள். மீசையையும் விடவில்லை. கண்ணில் நீர் வந்தபோது நெடி தாங்கவில்லை என்றாள்.

பத்து மணிக்கு நாச்சிமுத்து பழத்தட்டோடு வந்தார். கூடவே கோமதிநாயகம். கேசரி தீய்ந்ததால் வாழைக்காய் பஜ்ஜி மட்டும் போட்டிருந்தாள். கோமதிநாயகம் பஜ்ஜியைத் தொடவில்லை. வாசற்படியிலேயே நின்று வில்பிரட்டின் தலையைப் பார்த்தார். பக்கத்தில் வந்து டார்ச் அடித்து, முடியை விரலால் பிரித்துப் பார்த்தார்.

“எப்ப அடிச்சது?”

“காலையிலதான் சார்,” என்றார் வில்பிரட்.

“ஒரு கோட்டா, ரெண்டு கோட்டா?”

“ரெண்டு,” என்றாள் ஜெசிந்தா.

கோமதிநாயகம் ஒன்றும் திட்டவில்லை. பதின்மூன்றாவது வரியில் ‘மாற்றமில்லை’ என்பதை அடித்துவிட்டு ‘மறுபூச்சு’ என்று எழுதினார். கீழே இருபத்திரண்டை அடித்துவிட்டுப் பதினொன்று என்று போட்டார். நாச்சிமுத்து கடித்த பஜ்ஜியைத் தட்டிலேயே வைத்துவிட்டார்.

“மறுபூச்சு ஆளைக் கொண்டுபோய் உள்ளே வெச்சா, இருக்கற ஒன்பது பேர் விலையும் இறங்கிருமுங்களே,” என்றார். “கிதாரை மட்டும் கேக்கலாம்னா அது பிரிச்ச செட்டாயிரும். நான் பிரிச்ச செட்டு வாங்கறதில்லைங்க.” வில்பிரட்டின் கையைப் பிடித்துக்கொண்டார். “ஏனுங்க சார், இது வளந்து வெள்ளையாச்சுன்னா?”

“எட்டு மாசம் ஆகும்,” என்றார் கோமதிநாயகம். “அதுக்கப்புறம் பழைய பூச்சு திரும்பிடுச்சுன்னு எழுதலாம். இருபத்தொண்ணு வரைக்கும் வரும்.”

“அப்ப எட்டு மாசங்கழிச்சு வர்றேனுங்க அண்ணா. அதுவரைக்கும் ஒண்ணும் பண்ணிறாதீங்க.” பழத்தட்டை வைத்துவிட்டுத்தான் போனார்.

அன்றிலிருந்து வில்பிரட் படிவத்தைச் சட்டைப்பையிலிருந்து எடுக்கவில்லை. சாப்பிட்டார், தூங்கினார், கேட்டதற்குப் பதில் சொன்னார். லூர்துசாமி எதிரில் வந்தபோது இரண்டு பேரும் ஒரே நேரத்தில் தலையைக் குனிந்துகொண்டார்கள். ஜெசிந்தா உள்ளுக்குள் நொந்துபோனாள். மனுஷனுக்கு வாழ்க்கையில் கிடைத்ததே ஒரே ஒரு வரி, அதையும் நான் அழித்துவிட்டேனே என்று குழாயடியில் நின்று அழுதாள்.

நாலு வாரத்தில் அவருடைய தலையில் வேரோரம் வெள்ளை எட்டிப் பார்த்தது. அலமாரியில் இன்னொரு பாக்கெட் டை இருந்தது. அவள் அதைத் தொடவில்லை. வளரட்டும், அவர் விலை அவருக்குக் கிடைக்கட்டும் என்று மனதைக் கல்லாக்கிக்கொண்டாள்.

அந்த ஞாயிற்றுக்கிழமை காலையில் வில்பிரட் தானே ஸ்டூலைத் தூக்கிவந்து பின்வாசலில் வெயிலில் போட்டார். கிதாரையும் எடுத்துவந்து மடியில் வைத்துக்கொண்டார். துண்டைத் தோளில் போட்டுக்கொண்டு கொஞ்ச நேரம் காத்திருந்தார்.

“என்ன நிக்கிற? டை கலக்கலியா?”

அவள் உடைந்துபோனாள். “என்னங்க, அன்னிக்கு எனக்குத் தெரியும்ங்க. கிண்ணத்துல குழைக்கும்போதே தெரியும். தெரிஞ்சேதான் அடிச்சேன். உங்களை அனுப்ப எனக்கு மனசு வரல.”

வில்பிரட் ஒரு கம்பியை மெல்லத் தட்டினார். ஆம்ப்ளிபையர் இல்லாததால் சத்தம் அவ்வளவாக வரவில்லை.

“லூர்துசாமியை நடுத்தெருவுல வெச்சுத் திட்டினவன் நான். எனக்குத் தெரியாதா ஜெசி?”

“பின்ன ஏன் அடிக்கச் சொன்னீங்க?”

“இருபத்திரண்டுன்னு ஒரு தடவை எழுதிட்டாங்கல்ல. அது போதும். அதுக்காக உன்னைக் கண்ணாடிக்கு அந்தப் பக்கம் வெச்சுப் பாக்க முடியுமா?” குனிந்து தலையைக் கொடுத்தார். “போன வாட்டி காதுல பட்டு எரிஞ்சுது. பாத்து அடி.”

அவள் கண்ணைத் துடைத்துக்கொண்டு, கலக்கிக் கொண்டுவந்து, காதில் படாமல் அடித்தாள். மீசையை முடித்துவிட்டு நிமிர்ந்தபோதுதான் பார்த்தாள். அவர் மடியில் கிதாரின் ஓரத்தில், தேன் நிறம் கறுப்பாகிற இடத்தில், நாலைந்து நரைமுடி எட்டிப் பார்த்தது. கிண்ணத்தில் கொஞ்சம் டை மிச்சமிருந்தது. அவளுக்கு வாகாக வில்பிரட் கிதாரைத் திருப்பிக் காட்டினார். ஒவ்வொன்றாக வேரிலிருந்து அடித்துவிட்டு, அரை மணி நேரத்துக்குத் தலையை நனைக்கக் கூடாது என்று இருவரிடமும் சொல்லிவிட்டு, ஜெசிந்தா உலை வைக்கப் போனாள்.