ஹபீபா பீவி ஊதிக் காட்டினார்

என் வீட்டுக்காரர் பாக்கியசாமி இருபத்திரண்டு வருஷம் குடித்தார். துறைமுகத்தில் குமாஸ்தா வேலை. சம்பளத்தன்று சைக்கிள் முதலில் யாரோ ஒருவரோடு வீடு வந்து சேரும், ஆள் பிறகு வருவார். கடைசியில் கண் மஞ்சளாகி வயிறு உப்பியது. 1997 ஆகஸ்டில் டாக்டர் ஸ்ரீஸ்கந்தராஜா, வேறு ஈரல் வைத்தால்தான் பிழைப்பார் என்று சொல்லிவிட்டார்.

ஈரலுக்குக் காத்திருப்பவர்களின் பட்டியல் கோலாலம்பூரில் இருந்தது. அதில் பெயர் ஏற வேண்டுமானால் ஆறு மாதம் ஒரு சொட்டுக்கூடத் தொடக்கூடாது. மாதாமாதம் கிளினிக்குக்குப் போய் ஒரு கருவியில் ஊதிக் காட்ட வேண்டும். ஒரு தடவை முள் அசைந்தாலும் ஆறு மாதத்தை முதலிலிருந்து எண்ண வேண்டும். அவருக்கு அவ்வளவு நாள் இல்லை என்பது எங்கள் இருவருக்கும் தெரியும்.

நான் பள்ளிக்கூட டீச்சர். மனதில் பட்டதைக் கேட்காவிட்டால் எனக்குத் தூக்கம் வராது. அவரைப் பக்கத்தில் வைத்துக்கொண்டே டாக்டரிடம் கேட்டேன்.

"குடிச்சு அழிச்சவருக்கு ஏன் டாக்டர் குடுக்கணும்? குடிக்காமலே ஈரல் கெட்டவங்களும் காத்திருக்காங்கதானே?"

"எப்படிக் கெட்டுச்சுன்னு பாத்து தண்டனை குடுக்கிறது என் வேலை இல்ல, டீச்சர்," என்றார் டாக்டர். "கிடைச்சா அத நல்லபடியா வச்சுக்குவாரான்னுதான் பாக்கிறோம். குடிய விட்டவங்க ஆபரேஷனுக்கு அப்புறம் மத்தவங்க மாதிரியே நல்லா இருக்காங்க. சில பேர் திரும்பக் குடிக்கத்தான் செய்றாங்க. அதுக்குத்தான் இந்த ஆறு மாசம்."

வெளியே வந்ததும் என் வீட்டுக்காரர், "நல்ல கேள்விதான் கேட்ட," என்றார். கோபம் துளியும் இல்லை. எனக்குத்தான் முகத்தை எங்கே வைத்துக்கொள்வது என்று தெரியவில்லை.

ஆனால் மனிதர் நிஜமாகவே விட்டுவிட்டார். குடி போன இடத்தில் இனிப்பு வந்து உட்கார்ந்துகொண்டது. பாசாருக்குப் போனால் மீன் வாங்க மறப்பார், பலகாரம் வாங்க மறக்கமாட்டார். ஐந்து தடவை ஊதினார். ஐந்து தடவையும் முள் அசையவில்லை.

ஆறாவது, கடைசித் தடவை, ஹரி ராயா என்ற நோன்புப் பெருநாளுக்கு நாலு நாள் கழித்து வந்தது. பக்கத்து வீட்டு ஹபீபா பீவி அக்கா ஒரு தட்டு நிறைய தாப்பாய் கொடுத்தனுப்பியிருந்தார். புலூட் என்கிற ஒட்டரிசியை அவித்து, புளிக்க வைத்து, வாழை இலையில் பொட்டலம் கட்டுவார்கள். தேன் மாதிரி சாறு ஊறும். இவர் வீட்டில் ஏழெட்டுப் பொட்டலம் தின்றது போதாதென்று நாலைந்தைப் பையில் போட்டுக்கொண்டு வந்து, கிளினிக் பெஞ்சிலும் உட்கார்ந்து தின்றார். நான் பார்த்துக்கொண்டுதான் இருந்தேன்.

பெயரைக் கூப்பிட்டார்கள். ஊதினார். முள் ஏறியது.

"நான் தொடவே இல்ல, அமலா," என்றார்.

இதே சொல்லை எத்தனை வருஷமாகக் கேட்டிருக்கிறேன்! "டாக்டர் வந்துடுவார், இருங்க," என்று நர்ஸ் சொன்னது என் காதில் ஏறவில்லை. "பொய்யன்! சாகப்போற நேரத்துலயும் பொய்யா?" என்று எல்லார் முன்னாலும் கத்தி, கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு வந்துவிட்டேன். பஸ்ஸில் வேறு சீட்டில் போய் உட்கார்ந்தேன்.

வீட்டிலும் நான் ஓயவில்லை. சத்தம் கேட்டு ஹபீபா அக்கா வேலியோரம் வந்தார். விஷயத்தைச் சொன்னேன். அவர் திண்ணையில் கிடந்த தன் காலித் தட்டைப் பார்த்தார்.

"அத்தனையும் அவரா தின்னாரு?"

"ஆமா, அதுக்கென்ன?"

"அடியே, மழை பெஞ்சு விருந்தாளி வரல. இந்தத் தடவ அது நாலஞ்சு நாள் கூடுதலா ஊறிப்போச்சு. எனக்கே குடிச்ச மாதிரி நெஞ்செல்லாம் சுட்டுச்சு!"

மறுநாள் காலையில் மூன்று பேரும் கிளினிக்குக்குப் போனோம். அக்கா தாப்பாய் டப்பாவை டாக்டர் மேசைமேல் தொப்பென்று வைத்தார். டாக்டர் மோந்து பார்த்துச் சிரித்தார்.

"யாராவது ஒருத்தர் தின்னு ஊதிக் காட்டணும். இவர் கூடாது."

நான் கையை நீட்டுவதற்குள் அக்கா மூன்று பொட்டலத்தை முடித்துவிட்டார். முக்காட்டைச் சரிசெய்துகொண்டு பலமாக ஊதினார். முள் துள்ளி ஏறியது.

"யா அல்லா! நான் ஹஜ்ஜுக்குப் போயிட்டு வந்தவ, டாக்டர்! அந்தப் பேப்பர்ல என் பேர எழுதிராதீங்க!"

நர்ஸ் சிரிப்பை அடக்கமுடியாமல் வெளியே ஓடினார். "பயப்படாதீங்கம்மா, இது வாயில நிக்கிற வாசம்தான்," என்றார் டாக்டர். அரை மணி நேரம் கழித்து அக்கா மறுபடி ஊதினார். முள் அசையவில்லை. பிறகு என் வீட்டுக்காரர் ஊதினார். அசையவில்லை. இருந்தாலும் டாக்டர் விரலை ஆட்டினார். "ஐயா, இனிமே தாப்பாயும் கூடாது."

அப்புறம் ஒரு தாளை என் பக்கம் தள்ளினார். குடும்பத்தில் ஒருவர் எழுதித்தர வேண்டுமாம்: இவர் இனிக் குடிக்கமாட்டார் என்று நம்புகிறீர்களா?

என் வீட்டுக்காரர் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். எனக்கு ஆமாம் என்று எழுதவும் கை வரவில்லை, இல்லை என்று எழுதவும் வரவில்லை. இப்படி எழுதினேன்: 'நாளைக்கு என்ன ஆகும் என்று எனக்குத் தெரியாது. ஆறு மாதமாக இவர் குடிக்கவில்லை. நேற்று இவரைப் பொய்யன் என்றேன். தப்பு என்னுடையது.'

டாக்டர் படித்துவிட்டு, "சத்தியம் பண்ணி எழுதுறவங்கள நிறையப் பாத்துட்டேன். இது போதும், டீச்சர். இன்னிக்கே பேர அனுப்பிடுறேன்," என்றார். தாளை என் வீட்டுக்காரரிடம் நீட்டினார்.

அவர் அதை இரண்டு தடவை படித்தார்.

"என்ன மன்னிச்சிருங்க," என்றேன்.

"விடு, அமலா. இருபத்திரண்டு வருஷம் நான் சொன்ன பொய்யெல்லாம் நம்பின. ஒரே ஒரு நாள் உண்மையச் சொன்னேன், அதத்தான் நம்பல," என்று சொல்லிச் சிரித்தார்.

நோய் என்று கேட்ட நாளில்கூட அழாத நான், டாக்டர் முன்னாலேயே விக்கி விக்கி அழுதேன்.