கிணற்றுத் தண்ணீர்

பக்கெட் நிறையக் கிணற்றுத் தண்ணீர் கொண்டுவந்து மேசைக்கு அடியில் வைத்தாள் ஃப்ளோரா. இரண்டு பித்தளை போல்ட்டுகளுக்கு நடுவே ஹீட்டர் கம்பிச் சுருளைப் பூட்டிய பலகையை அதற்குள் இறக்கினாள். பதினாறு ஓம் வரும்படி அவளே அளந்து வெட்டிய சுருள். ஐம்பது வாட் ஆம்ப்ளிஃபயரைச் சோதிக்க ஸ்பீக்கருக்குப் பதில் இதுதான் லோடு; இது அறுந்தால் ஆம்ப்ளிஃபயரே கருகிவிடும். நிஜ ஹாரன் ஸ்பீக்கரை மாட்டி அரைமணி நேரம் முழுச் சத்தத்தில் ஓடவிட்டால் ராயபுரத்து அந்தச் சந்தில் யாரும் குடியிருக்க முடியாது.

சுருள் ஓரிடத்தில் நூலாய் மெலிந்திருந்தது.

"சார், உப்புத் தண்ணி கம்பிய அரிச்சிகினே கீது. தண்ணியே வேணாத பெரிய ரெசிஸ்டர் வாங்கித் தாங்கன்னு மூணு வாட்டி கேட்டுட்டேன். பானைத் தண்ணியாவது ஊத்திக்கவா?"

மேஸ்திரி ஸ்டானிஸ்லாஸ் அவளுடைய ஞானத்தகப்பன். ஹார்பரில் மூட்டை விழுந்து அப்பா படுத்ததும், பதினேழு வயதில் அவளை இந்தப் பட்டறையில் சேர்த்துவிட்டவர். வீட்டில் மாமா, இங்கே சார்.

"குடிக்கிற தண்ணிய கம்பிக்கு ஊத்துவியா? குழாயாண்ட விடிகாலைல போயி நீயா குந்தப் போற? சாயந்திரம் டெலிவரி. போடு. எதுனா ஆச்சுன்னா நான் பாத்துக்கிறேன்."

பக்கத்து மேசையில் ஈயம் வைத்துக்கொண்டிருந்த பூவம்மா சிரித்தாள். "உனுக்கு இன்னாடி கொறச்சல்? எங்களாண்ட இப்பிடி ஒரு வார்த்த சொல்லிக்கீறாரா?"

ஃப்ளோரா சத்தத்தை மெல்ல ஏற்றினாள். மீட்டர் முள் இருபத்தெட்டு வோல்ட்டில் நின்றது. சுருளைச் சுற்றிக் குமிழ்கள் கிளம்பின. இருபது நிமிடம் போயிருக்கும். முள் சட்டென்று கடைசிவரை பாய்ந்தது. அவள் கை ஸ்விட்சுக்குப் போவதற்குள் ஆம்ப்ளிஃபயருக்குள் படபடவென்று பொறி தட்டியது. மெழுகு கருகும் நாற்றம் அறையை நிறைத்தது.

முதலாளி உள்ளே வந்தார். "டிரான்ஸ்ஃபார்மர் போச்சா? லோடு இல்லாம யாரு ஓட்டினது?"

ஃப்ளோரா ஸ்டானிஸ்லாஸைப் பார்த்தாள். அவர் குனிந்து பலகையைத் தூக்கினார். அறுந்த கம்பி சொட்டிக்கொண்டு தொங்கியது.

"நல்ல தண்ணி ஊத்துன்னு தெனம் சொல்லிகினே கீறேன் சார். இந்தப் பொண்ணு சோம்பேறித்தனமா கெணத்துத் தண்ணிய ஊத்திக்கீது."

"மாமா!"

"இங்க இன்னா மாமா?"

முதலாளி அவளைப் பார்க்கவில்லை. "நாளையிலேருந்து வர வேணாம்னு சொல்லிடு."

அவர் போனதும் ஃப்ளோரா பூவம்மாவின் மேசையோரம் ஒட்டி நின்றாள். "நீ கேட்டல்ல அக்கா? அப்பாவாண்ட நான் இன்னான்னு சொல்லுவேன்? மாமாவே சொன்னாருன்னா அப்பா அதத்தான் நம்பும். எனுக்கு வூட்டுக்குப் போவவே பயமா கீது."

பூவம்மா ஈயத்திலிருந்து கண்ணை எடுக்கவில்லை. "என்னிய இதுல இஸ்துடாதடி."

ஃப்ளோரா கொல்லைப்புறம் போய் முகம் கழுவிவிட்டு டிபன் பாக்ஸை எடுக்கத் திரும்பி வந்தாள். அவள் ஸ்டூலில் பூவம்மா உட்கார்ந்திருந்தாள். பலகையில் புதுச் சுருள் பளபளத்தது. பழைய தண்ணீரைக் கொட்டிய பக்கெட்டின் உட்புறத்தில் உப்பு வெள்ளையாய்க் கோடு போட்டிருந்தது. ஸ்டானிஸ்லாஸ் குடிதண்ணீர்ப் பானையை இரண்டு கையாலும் தூக்கி, ஒரு சொட்டும் சிந்தாமல், அதில் ஊற்றிக்கொண்டிருந்தார்.