சிவப்புப் படகில் இருந்த பெயர்

மெர்ல் ஹாக்லண்டின் சிவப்புப் படகை ஆர்டிஸ் குவாமி வாங்கிய செய்தி டோர்வால்ட் ஏரியைச் சுற்றி ஒரே நாளில் பரவியது. மின்னசோட்டாவின் வடக்கில் அந்தப் படகைத் தெரியாதவர்கள் கிடையாது. வால்ஐ என்ற ஏரி மீனைப் பிடிக்கும் போட்டிகளில் ஒன்பது முறை ஜெயித்த படகு. தூண்டில் கம்பெனி, எஞ்சின் ஆயில், உள்ளூர் வங்கி, பீர் என்று உடம்பெல்லாம் ஸ்டிக்கர். அவற்றுக்கு நடுவே, இரண்டு பக்கமும் முழங்கை நீளத்துக்கு வெள்ளை எழுத்துகளில் ‘ஹாக்லண்ட்’.

அந்த ஒன்பது போட்டிகளிலும் பின் இருக்கையில் இருந்தவள் ஆர்டிஸ். பள்ளிப் பேருந்து ஓட்டுபவள், வயது ஐம்பத்தொன்று. எந்தக் காற்றுக்கு மீன் எந்தப் பாறையடியில் ஒதுங்கும் என்று சொன்னவள் அவள்தான். மறுநாள் பத்திரிகையில் ‘மெர்ல் ஹாக்லண்டும் அவருடைய துணையும்’ என்று போடுவார்கள். பதினோரு வருடம் அப்படியே போயிற்று. மெர்ல் புதுப் படகு வாங்கித் தன் மருமகனைத் துணைக்குச் சேர்த்துக்கொண்டபோது, பழையதை அவள் கேட்டு வாங்கிக்கொண்டாள்.

ஜூன் போட்டிக்கு எட்டு நாள் இருக்கும்போது, படகைக் கொட்டகையில் நிறுத்தி ஸ்டிக்கர்களை உரிக்க ஆரம்பித்தாள். புழுவும் தூண்டிலும் விற்கும் கடைக்காரி லவோன்தான் இனி அவளுக்குத் துணை. லவோன் கையில் ஒரு கத்தியோடு வந்து நின்றாள். 

“அதைத் தூக்கி அந்தாண்ட வைடி! கத்தி பட்டா சாயம் கீறிடும்.”

“அப்ப நகத்தாலயா சுரண்டப் போற? அதுக்குள்ள போட்டியே முடிஞ்சிடும்... சரி, சரி, முறைக்காத. என்ன செய்யணும்னு சொல்லு.”

முடி உலர்த்தும் கருவியால் ஓரத்தில் சூடு காட்டினாள் ஆர்டிஸ். பசை இளகியதும் பழைய பிளாஸ்டிக் அட்டையை அடியில் நுழைத்து மெல்லத் தள்ளினாள். வங்கி ஸ்டிக்கர் முழுசாக வந்தது. பீர் ஸ்டிக்கர் தூள் தூளாக உதிர்ந்தது. மிச்சமிருந்த பசையில் சமையல் எண்ணெயைத் தடவி ஊறவிட்டு, பாத்திரம் கழுவும் சோப்புத் தண்ணீரால் துடைத்தாள். லவோன் மூக்குப் பகுதியில் இருந்த பதிவு எண்ணிலும் கையை வைக்கப் போனாள்.

“அது அரசாங்கத்தோடது! அதையும் பிச்சிட்டா கரையிலயே புடிச்சு உக்கார வெச்சிடுவான்.”

மூன்றாம் நாள் பெயருக்கு வந்தார்கள். எழுத்துகள் தடிமன், சூட்டுக்கு அசையவில்லை. ஆர்டிஸ் தூண்டில் நரம்பை இரண்டு கையிலும் சுற்றிக்கொண்டு, எழுத்துக்கு அடியில் விட்டு ரம்பம் போல இழுத்தாள். விரல்களில் கோடு கோடாகச் சிவந்தது. முதல் எழுத்து கழன்று விழுந்த நேரத்தில் கொட்டகை வாசலில் மெர்ல் வந்து நின்றார்.

“ஏம்மா ஆர்டிஸ், ஊர்ல சொன்னாங்க, நான் நம்பல. அந்த ஸ்டிக்கரைப் பாத்துதானே நாலு பேரு வழி விடுவாங்க? மொட்டைப் படகுல போனா எவன் மதிப்பான்?”

“போட்டி அன்னிக்குப் பாத்துக்கறேன்.”

“படகைத்தான் வித்தேன், பேரை விக்கல.”

“அதனாலதான் பேரைப் பத்திரமா உரிச்சுத் திருப்பித் தரேன், வாங்கிக்கோ” என்று அந்த எழுத்தை நீட்டினாள். லவோன் சிரிப்பை அடக்க முடியாமல் முகத்தைத் திருப்பிக்கொண்டாள். மெர்ல் சிரிக்கவில்லை.

“மெர்ல், ஒண்ணு கேக்கறேன், மனசறிஞ்சு சொல்லு. ஒம்பது தடவையும் எங்க நங்கூரம் போடணும்னு யாரு சொன்னது?”

அவர் தன் பூட்ஸைப் பார்த்தார். “நீதான்.”

“அது எந்த ஸ்டிக்கர்ல எழுதியிருந்துச்சு?”

அவர் எழுத்தை வாங்கிக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு வண்டியை நோக்கி நடந்தார்.

பெயர் போன இடத்தில் அதன் நிழல் நின்றது. வெயில் படாத அந்த இடம் மட்டும் ரத்தச் சிவப்பு. சுற்றிலும் வெளுத்த ரோஜா நிறம். தூரத்திலிருந்தும் ‘ஹாக்லண்ட்’ என்று படிக்கலாம். “போச்சு, பேய் மாதிரி நிக்குதே” என்றாள் லவோன். ஆர்டிஸ் மெருகுப் பசையை எடுத்துத் தேய்க்க ஆரம்பித்தாள். காலையில் பேருந்து, மதியம் தேய்ப்பு, சாயங்காலம் மறுபடி பேருந்து, அதன் பிறகும் தேய்ப்பு. தோள்பட்டை விட்டுப் போயிற்று. தேய்க்கத் தொடங்கிய நான்காம் நாள் வெளுப்பு முழுக்கக் கழன்று, படகு முழுவதும் ஒரே சிவப்பாக மின்னியது. அவள் பத்தடி தள்ளி நின்று, துணியைக் கையில் பிடித்தபடி வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தாள்.

போட்டி அன்று வடமேற்குக் காற்று. எல்லாப் படகுகளும் காற்றுக்கு ஒதுங்கி வடக்கு வளைகுடாவுக்குப் பறந்தன. ஆர்டிஸ் நேராக ஏரி நடுவே இருந்த பாறை மேட்டுக்கு விட்டாள். அலை மேலே அடித்து இருவரும் நனைந்தார்கள். “என்னைக் கொல்லத்தான் துணைக்குக் கூப்பிட்டியா?” என்று லவோன் கத்தி வாயை மூடுவதற்குள் அவள் தூண்டில் வளைந்தது. மதியத்துக்குள் ஐந்து மீன்.

எடை போடும் மேடையில் இருபத்திரண்டு பவுண்டு வந்தது. கூட்டம் ஓவென்றது. ஒலிபெருக்கிக்காரர் சீட்டைப் பார்க்காமலே, “இரண்டாவது இடம், நம்ம மெர்ல் ஹாக்லண்டோட பழைய துணைக்கு!” என்றார்.

ஆர்டிஸ் வாயைத் திறப்பதற்குள் பின்னாலிருந்து ஒரு குரல் கேட்டது. ஐந்தாவதாக வந்திருந்த மெர்ல்தான்.

“அவளுக்குப் பேரு இருக்குய்யா! பேரைச் சொல்லு! எனக்கு ஒம்பது கோப்பை வாங்கிக் குடுத்தவ அவ!”

ஒலிபெருக்கிக்காரர் தடுமாறி, சீட்டைப் பார்த்து, “ஆர்டிஸ் குவாமி, லவோன் ஸ்டேட்!” என்று இரண்டு முறை சொன்னார். அது தண்ணீரைத் தாண்டி எதிர்க்கரை வரைக்கும் கேட்டது. ஆர்டிஸ் மெர்லைப் பார்த்துத் தலையை மட்டும் ஆட்டினாள். அவரும் ஆட்டினார்.

வீட்டுக்குப் போக ஏரிக்கரைச் சாலைதான் குறுக்கு வழி. அவள் வண்டியை ஊருக்குள் திருப்பினாள்.

“ஏண்டி, சுத்திட்டுப் போற?” என்றாள் லவோன்.

“எல்லாரும் பாக்கட்டும்” என்று சொல்லி, கடைத்தெரு நெடுக மனிதர்கள் நடக்கும் வேகத்தில், படகை இழுத்துக்கொண்டு போனாள் ஆர்டிஸ்.