விமானத்தின் முதுகு

விமானத்தின் முதுகைப் பார்க்க வேண்டுமென்றால் எங்கள் மலைக்குத்தான் வர வேண்டும். மற்ற ஊர்களில் அண்ணாந்து வயிற்றைப் பார்ப்பார்கள். வேல்ஸில், இந்தக் காடர் மலைச் சரிவில், போர் விமானங்கள் நம் காலுக்குக் கீழே பள்ளத்தாக்குக்குள் ஓடும். குனிந்துதான் பார்க்க வேண்டும்.

என் பெயர் இத்வால் பியூ. எழுபத்து மூன்று வயது. பதினாலில் பள்ளிக்கூடத்தை விட்டவன். இந்தச் சரிவில் முந்நூறு ஆடு எனக்கு. இருபது வருடம் இந்த விமானங்களைத் திட்டித் தீர்த்தேன். சினை ஆடுகள் மிரண்டு கல் சுவரில் போய் மோதும். விமானப் படைத் தளத்துக்குப் போன் போடுவேன். எந்த விமானம், வாலில் என்ன எண் என்று கேட்பார்கள். கண் இமைப்பதற்குள் போகிறதில் எண்ணை எங்கே படிப்பது? நம்மைத் தட்டிக்கழிக்கத்தான் கேட்கிறார்கள் என்று தெரியும். எண்ணைப் பிடித்துக் காட்டுகிறேன் என்று பழைய கேமரா ஒன்றை நீள லென்ஸோடு வாங்கினேன்.

முதல் படத்தில் எண் விழவில்லை. இறக்கைக்கு மேல் காற்று வெள்ளைத் துணி மாதிரி மடிந்து நின்றது விழுந்திருந்தது. அறுபது வருடத்துக்கு மேல் காற்றில் நின்றிருக்கிறேன், காற்றைப் பார்த்தது அன்றைக்குத்தான். அதோடு புகார் சொல்வதை விட்டுவிட்டேன். விட்ட விஷயத்தை யாருக்கும் சொல்லவில்லை. படத்தையும் காட்டுவதில்லை. காட்டினால் மறுநாள் வேறு எவனுடைய பெயரிலோ வந்து நிற்கும்.

மேலே படம் எடுக்க வருகிறவர்களில் நெரிஸை மட்டும் பக்கத்தில் உட்கார விடுவேன். பஸ் ஓட்டி ஓய்வு பெற்றவள். என் கேட்டைச் சாத்திவிட்டு வருகிற ஒரே ஆள். கையில் சின்ன ரேடியோ வைத்திருப்பாள், விமானிகள் பேசுவது அதில் கேட்கும்.

மார்ச் கடைசி, செவ்வாய்க்கிழமை. ஈரக் காற்று. இரண்டு கறுப்புப் பயிற்சி விமானங்கள் கிளம்பிவிட்டன என்றாள் நெரிஸ். நான் பாறையில் முழங்கையை ஊன்றினேன்.

முதலில் சத்தம் வராது. கணவாயின் வாயில் ஒரு கறுப்புப் புள்ளி இருக்கும், அவ்வளவுதான். அடுத்த மூச்சுக்குள் அது விமானமாகி, ஒருக்களித்து, முதுகை நமக்குக் காட்டியபடி மலையை உரசிக்கொண்டு போகும். அதற்கப்புறம்தான் சத்தம். காதில் இல்லை, நெஞ்செலும்பில். ஒன்பது வருடமாகப் பார்க்கிறேன், ஒவ்வொரு தடவையும் வாய் திறந்துதான் நிற்கிறேன்.

முதல் விமானம் போனது. சற்று இடைவெளி விட்டு இரண்டாவது. அதைத் தொடர்ந்து கேமராவைத் திருப்பி, எங்களைத் தாண்டி அது நிமிரும்வரை எடுத்தேன்.

வழக்கம்போல இரண்டு பேரும் தலையைக் குனிந்து அவரவர் திரையைப் பார்த்தோம். கடைசிப் படத்தில் கண் நின்றுவிட்டது. செங்குத்து வாலின் உச்சியில் தகடு பிய்ந்து ஓட்டை விழுந்திருந்தது. ஓட்டை வழியாக எதிர் மலையின் புல் தெரிந்தது. விளிம்பில் ரத்தமும் இறகும். கணவாய்க்குள் எங்கோ பெரிய பறவை ஒன்று அடிபட்டிருக்கிறது. உள்ளே இருக்கிற இரண்டு பேரும் முன்னால் பார்த்து உட்கார்ந்திருக்கிறார்கள். பின்னால் வருகிறவன் யாரும் இல்லை. வால் பிய்ந்தது அவர்களுக்குத் தெரியாது.

நான் கேமராவை நெரிஸிடம் நீட்டினேன். அவள் படத்தைப் பார்ப்பதற்கு முன் என்னைத்தான் பார்த்தாள்.

ரேடியோவில் அந்தப் பையன்கள் நிதானமாகப் பேசிக்கொண்டிருந்தார்கள். இன்னொரு சுற்று வரப்போகிறார்கள். அடுத்த வளைவை இதே மாதிரி இழுத்துத் திருப்பினால் வால் தாங்குமா என்று நெரிஸ் கேட்டாள். எனக்கு என்ன தெரியும்.

அவளுடைய ரேடியோவில் கேட்க மட்டும்தான் முடியும். மேலே கல் சுவர் ஓரம்தான் போனுக்கு சிக்னல். கேமராவைத் திரும்ப வாங்கிக்கொண்டு கிளம்பினேன், எழுபது அடி ஏற்றம். இந்த முழங்காலோடு எப்படி ஏறினேன் என்று தெரியவில்லை. தளத்தின் நம்பர் என் போனில் இருந்தது. எடுத்தது முன்பு என் புகார்களைக் கேட்ட அதே அதிகாரிப் பெண்தான், குரலை வைத்தே என்னைக் கண்டுபிடித்துவிட்டாள்.

"பியூ ஐயாவா? ரொம்ப வருஷமாச்சே. என்ன, மறுபடியும் ஆடு பயந்துருச்சா?"

"ஆடு நல்லாத்தாம்மா இருக்கு. ஒங்க பசங்கதான் நல்லா இல்ல."

சொன்னேன். அவள் நம்பவில்லை என்று நினைத்தேன். இருபது வருடம் அவர்களை நான் நம்பவில்லை, அவள் ஏன் என்னை நம்ப வேண்டும்? பிறகு, வாலில் என்ன எண் என்று கேட்டாள். இந்தத் தடவை படித்துச் சொன்னேன். படத்தை அனுப்ப முடியுமா என்றாள்.

பின்னாலேயே ஏறி வந்த நெரிஸ் தன் போனை எடுத்து என் முகத்தைப் பார்த்தாள். "அனுப்பவா? அப்பறம் என் படத்தத் திருடிட்டான்னு ஊரெல்லாம் சொல்லக் கூடாது."

"அனுப்பித் தொலை."

என் கேமராத் திரையை அவள் போனில் படம் பிடித்து அனுப்பினாள். அரை நிமிடம். ரேடியோவில் புதிதாக ஒரு குரல் வந்து இரண்டு விமானங்களையும் பெயர் சொல்லிக் கூப்பிட்டது. உடனே மேலே ஏறு, மெதுவாக, திருப்பாதே என்றது. பதில் ஒற்றைச் சொல்லில் வந்தது. அந்தக் குரலுக்கு இருபத்து நாலு வயதுகூட இருக்காது.

அதற்கப்புறம் நான் பார்த்ததை இந்த மலையில் வேறு யாரும் பார்த்திருக்க மாட்டார்கள்.

ஏரிப் பக்கமிருந்து இரண்டும் வந்தன. எங்கள் கண் மட்டத்துக்கு, மெதுவாக, நேராக. போர் விமானம் அப்படி நடந்து வரும் என்று எனக்குத் தெரியாது. அடிபட்டது ஆடாமல் அசையாமல் வந்தது. மற்றது அதன் அடியில் நழுவி, அந்தப் பக்கம் எழும்பி, வாலுக்குப் பக்கத்தில் வந்து நின்றது. நின்றது என்றுதான் சொல்வேன். ஒன்றின் நிழல் மற்றதன் முதுகில் விழுந்தது. ஈன்ற ஆடு குட்டியை முகர்ந்து பார்க்குமே, அந்த நெருக்கம். பக்கத்தில் வந்ததில் இருந்தவன் தலையைத் திருப்பி அந்த ஓட்டையையே பார்த்துக்கொண்டிருந்தான். கீழே பள்ளத்தாக்கு முழுக்க அவற்றின் முழக்கம் சர்ச் ஆர்கன் இசை மாதிரி நிறைந்து நின்றது. என் ஆடுகள்கூடத் தலை நிமிர்ந்தன. எதுவும் ஓடவில்லை.

படம் எடுத்தேன். எடுக்காமல் விடுவேனா? முக்கால்வாசி கலங்கிப்போயிற்று.

இரண்டும் சேர்ந்தே மேற்கே கடலைப் பார்த்துப் போயின. புள்ளியாகி, மேகத்தில் மறைந்தன. ரேடியோவும் எட்டவில்லை.

சுவரோரம் காத்திருந்தோம். வீட்டுக்குப் போகலாம், அவர்கள் யாரையும் திரும்பக் கூப்பிடமாட்டார்கள் என்று நான் சொன்னேன். சொன்னேனே தவிர எழுந்திருக்கவில்லை. நெரிஸ் பழ ரொட்டி கொடுத்தாள்.

நாற்பது நிமிடம் கழித்து போன் அடித்தது.

"எறங்கிட்டாங்க ஐயா," என்றாள் அந்தப் பெண். "ரெண்டு பேரும் கீழ நின்னு வாலையே பாத்துட்டிருக்காங்க. யாரு பாத்துச் சொன்னதுன்னு கேக்குறாங்க. என்ன சொல்ல?"

நெரிஸ் போனைப் பிடுங்கிக்கொண்டு, "பெரிசு அழுதுட்டிருக்கு, அப்பறம் பேசும்," என்றாள்.

அழவில்லை. காற்று அப்படி.